மிஷினைக் கழட்டின பிறகு

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் வங்கிக் கடன் இணைப்பு பத்திப் பேசறதா அழைப்பிதழ்ல போட்டிருக்கு. அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வச்சுக்கலாம்னு தலைவி அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு விஷயம் பேசணும். ஆஸ்பத்திரியில மூச்சு மிஷின் வச்சு, பிழைச்சு, வீட்டுக்குத் திரும்பி வர்ற நம்ம உறுப்பினர்களைப் பத்தி. செத்துப் போனவங்க வீட்டுக்கு என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும். கேதத்துக்குப் போவோம், காப்பீட்டுப் படிவம் எழுதிக் கொடுப்போம், கடனுக்கு என்ன வழின்னு உட்கார்ந்து பேசுவோம். பிழைச்சு வந்தவங்களுக்கு என்ன செய்யணும்னு நம்ம தீர்மான நோட்டுல ஒரு வரி கூட இருந்தது கிடையாது. இதுல முதல் தப்பு பண்ணினது நான்தான். அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

நம்ம கூட்டமைப்புல ஒரு அக்கா. அவங்க பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். எந்த அளவுக்குச் சொல்லலாம்னு அவங்க சம்மதிச்சாங்களோ அந்த அளவுக்குத்தான் சொல்றேன். 1991-ல நம்ம மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு, ஞாபகம் இருக்கும். அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கணும்னு முன்னால நின்னாங்க. புதுக்கோட்டையில ஒரு லட்சத்துக்கும் மேல பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. இங்க முன் வரிசையில இருக்கிற பல பேருக்கு அந்தக் கதை என்னைவிட நல்லாத் தெரியும். நான் அப்ப பிறக்கவே இல்லை. இந்த அக்காவுக்கு அப்ப பதினாலு வயசு. எழுத்தும் அங்கதான் கத்துக்கிட்டாங்க, சைக்கிளும் அங்கதான். அதுக்கப்புறம் முப்பது வருஷம் தண்ணிக்கும் கடைக்கும் களைக்கும் கூட்டத்துக்கும் எல்லாம் சைக்கிள்தான். குழுவுல பதினாலு வருஷம். ஒரு தவணை தவறினது கிடையாது.

2022 நவம்பர்ல அவங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு களை எடுக்கப் போயிட்டாங்க. நாலஞ்சு நாளாச்சு, விடலை. ஏழாம் நாள் ராத்திரி பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குது. 108-க்குப் போன் பண்ணி, அங்கிருந்து இங்க, இங்கிருந்து இன்னும் பெரிய இடம்னு போய், வெளி மாவட்டத்துல ஒரு மருத்துவமனையில சேர்த்தாங்க. எந்த மருத்துவமனைன்னு வேண்டாம். உயிரைக் காப்பாத்தினாங்க, அது போதும். பரிசோதனையில உண்ணிக் காய்ச்சல்னு வந்துச்சு. ஸ்கரப் டைபஸ்னு டாக்டருங்க சொல்வாங்க. கருவக்காட்டுல விறகு வெட்டப் போன இடத்துல, புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வர்றது.

இந்த இடத்துல பேச்சை நிறுத்தி ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இது உயிர் விஷயம். அந்தப் பூச்சி கடிச்ச இடத்துல நிறைய பேருக்கு சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள்ல, மார்புக்கு அடியில, தொடை இடுக்குலன்னு மறைவான இடத்துல இருக்கும். நம்ம பொம்பளைங்க டாக்டர்கிட்ட கையைக் காட்டுவோம், நாக்கைக் காட்டுவோம், அந்த இடத்தையெல்லாம் காட்ட மாட்டோம். காய்ச்சல் மூணு நாளைக்கு மேல போனா ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கங்க. பொருக்கு இருந்தா வெட்கப்படாம டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின்னு விலை குறைஞ்ச மாத்திரைக்கே கேட்கிற நோய் அது. பொருக்கு இல்லாமலும் அந்தக் காய்ச்சல் வரும், அதனால பொருக்கு இல்லைன்னு சும்மா இருந்துடாதீங்க.

அக்காவுக்கு நேரம் தவறிப் போச்சு. நோய் நுரையீரலுக்குப் பரவிடுச்சு. நுரையீரலுக்குள்ள தேனடை மாதிரி கோடிக்கணக்கான குட்டிக் காத்துப் பைகள் இருக்கு. காத்துல இருக்கிற ஆக்சிஜன் அங்கதான் ரத்தத்துல சேருது. கடுமையான நோய் வந்தா அந்தப் பைகள்ல நீர் கோத்துக்கும். மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகாது. நிமோனியா, கொரோனா, பிரசவத்துக்குப் பிறகு ரத்தத்துல பரவுற கிருமி, இப்படிப் பல காரணத்தால இது வரும். அப்ப வாய் வழியா மூச்சுக் குழாய்க்குள்ள ஒரு ட்யூப் விட்டு மிஷின்ல இணைச்சுடுவாங்க. அதுதான் வென்டிலேட்டர். மிஷின் நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலை செய்யற வரைக்கும் உசிரைப் பிடிச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான்.

மிஷின் பெருகாத காலத்துல மனுசக் கைதான் இந்த வேலையைப் பார்த்துச்சு. 1952-ல டென்மார்க் நாட்டுல கோபன்ஹேகன் நகரத்துல போலியோ பரவினப்ப, ப்யோர்ன் இப்சென்ங்கிற மயக்க மருந்து டாக்டர், தொண்டையில துளை போட்டுக் குழாய் வச்சு, ரப்பர் பையைக் கையால அமுக்கி அமுக்கி நோயாளிக்கு மூச்சு கொடுக்கலாம்னு காட்டினார். சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக்கிட்டு ராத்திரி பகலா பையை அமுக்கினாங்க. இன்னைக்கு இருக்கிற ஐ.சி.யு.வுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம். வென்டிலேட்டரும் போதாதுன்னா எக்மோ. ரத்தத்தையே உடம்புக்கு வெளிய எடுத்து, மிஷின்ல ஆக்சிஜன் ஏத்தித் திருப்பி அனுப்பறது. 2020-ல பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்கள் சென்னையில சிகிச்சையில இருந்தப்பதான் அந்த வார்த்தை நம்ம டீக்கடை வரைக்கும் வந்துச்சு. அவர் அந்த வருஷம் செப்டம்பர் 25-ம் தேதி காலமானார். எல்லாரும் பிழைக்கறதில்லை. அதை மறைச்சுப் பேசறது நியாயம் இல்லை.

அக்கா பிழைச்சாங்க. பதினாறு நாள் மிஷின். இருபத்தேழாம் நாள் வீட்டுக்கு வந்தாங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால சிகிச்சைச் செலவுல பெரும்பகுதி போயிடுச்சு. ஆனா கூட இருந்தவங்க சாப்பாடு, பஸ், தங்கல், வெளியில வாங்கின மருந்துன்னு கறவை மாட்டை வித்தாங்க. அது நம்ம கடன்ல வாங்கின மாடு. கன்னுக்குட்டியை மட்டும் விக்கலை, அக்கா புருஷன் விக்க மாட்டேன்னுட்டார். ஊரே வந்து பார்த்துச்சு. எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டியேன்னாங்க. அதோட எல்லாம் முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சோம்.

2023 ஜனவரிக் கூட்டத்துக்கு அவங்க வரலை. பிப்ரவரி வரலை, மார்ச் வரலை. தவணையும் வரலை. ஆளனுப்பினா கதவைத் திறக்கலை. மூணு கூட்டம் தொடர்ந்து வராம, காரணமும் சொல்லலைன்னா என்னன்னு உங்க விதிமுறையில இருக்கு. குழுவுல கேட்டாங்க, நான் என் மாத அறிக்கையில எழுதினேன்: "உறுப்பினர் ஒத்துழைப்பதில்லை. நடவடிக்கை தேவை." எம்.எஸ்.டபிள்யூ. படிச்ச கை எழுதினது அது. நேர்ல போய்ப் பார்க்காம எழுதினேன். அந்த அறிக்கையோட நகல் இன்னும் என் பைலில இருக்கு. கிழிச்சுப் போடலை.

சித்திரை மாசத்துல ஒரு நாள் போனேன். மதியம் ரெண்டு மணி. கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க. ஆளே பாதியாகியிருந்தாங்க. தலையில முடி கொத்துக் கொத்தா கொட்டி மண்டை தெரியுது. குரல் கரகரன்னு, காதைக் கிட்ட வச்சாதான் கேட்குது. குடம் தூக்க முடியலை. அரைப்படி அரிசி களையறதுக்குள்ள கை நடுங்குது. மாமியார் வாசல்ல இருந்து, "தின்னுட்டுத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கா, ஆஸ்பத்திரியில நல்லாயிட்டான்னுதானே அனுப்பினாங்க"ன்னு சொல்றாங்க. அந்தம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவங்களுக்கும் யாரும் எதுவும் சொல்லலை.

ஏன்க்கா கூட்டத்துக்கு வரலைன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மணிக்கட்டைக் காட்டினாங்க. "நம்ம குழுவுல நாலு பேரு வந்து என் கையைக் கட்டினாங்க மேடம். தவணையைக் கட்டுன்னு கட்டினாங்க. வாயில துணியை அடைச்சாங்க. நீங்களும் வந்து நோட்டை வச்சுக்கிட்டு நின்னீங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்களே அடுத்து சொன்னாங்க: "அது நடக்கலைன்னு தெரியும். மூளைக்குத் தெரியுது. ஆனா அந்த மூஞ்சியெல்லாம் பார்த்தா உடம்பு நடுங்குது." ராத்திரி தூக்கம் இல்லை. மிக்சி சத்தம் கேட்டாலே வேர்த்துடும். வீட்டுல காத்துக்கருப்புன்னு நினைச்சு கோடாங்கிகிட்ட ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயிருக்காங்க.

எனக்கும் ஒண்ணும் புரியலை. தெரிஞ்ச ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன், அதுக்கப்புறம் தேடிப் படிச்சேன். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

மிஷின்ல இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு மனக்குழப்பம் வரும். கடுமையான நோய், மயக்க மருந்து, தூக்கம் இல்லாதது, பகலும் ராத்திரியும் ஒரே விளக்கு, எல்லாம் சேர்ந்து. இல்லாதது தெரியும், நடக்காதது நடந்த மாதிரி இருக்கும். கனவு மாதிரி கலைஞ்சு போகாது, உண்மையான ஞாபகம் மாதிரியே உள்ள தங்கிடும். நர்ஸ் கொல்ல வர்றாங்க, வீட்டுக்காரர் வித்துட்டார், பூச்சி ஊறுதுன்னு உலகம் பூரா நோயாளிகள் இதே மாதிரி சொல்லியிருக்காங்க. அக்கா பைத்தியம் இல்லை. பேயும் இல்லை. இது இந்தச் சிகிச்சைக்குப் பின்னால வர்ற ஒரு தொந்தரவு. உடம்புப் பலவீனம், மனப் பயம், மறதி மூணையும் சேர்த்து இதுக்குன்னு 2012-லிருந்து டாக்டர்கள் தனிப் பேரே வச்சிருக்காங்க. தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய பாதிப்புன்னு தமிழ்ல சொல்லலாம்.

உடம்பு விஷயம் இன்னும் ஆச்சரியம். நாம எல்லாரும் நினைக்கறது, நுரையீரல் கெட்டுச்சு, அதனால மூச்சு வாங்குது, அதனால நடக்க முடியலைன்னு. கனடாவுல டொரோண்டோ நகரத்துல இப்படி நுரையீரல் செயலிழந்து பிழைச்ச 109 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்து 2003-லயும் 2011-லயும் வெளியிட்டிருக்காங்க. அவங்க நடு வயசும் நாற்பத்தஞ்சுதான், நம்ம அக்கா வயசு. ஐ.சி.யு.வை விட்டு வரும்போதே உடம்பு எடையில நூத்துக்கு 18 பங்கு குறைஞ்சிருந்துச்சு. ஆறு மாசத்துல அவங்க நுரையீரல் ஏறக்குறைய சரியாயிடுச்சு. ஆனா ஒரு வருஷம் ஆகியும் ஆறு நிமிஷத்துல நடக்கிற தூரம், அந்த வயசுக்காரங்க நடக்க வேண்டியதுல மூணுல ரெண்டு பங்குதான் இருந்துச்சு. ஒரு வருஷத்துல வேலைக்குத் திரும்பினவங்க பாதிப் பேர்தான். அஞ்சு வருஷம் கழிச்சும் அந்த நடை முழுசா வரலை. ஏன்னா போனது சதை. 2013-ல லண்டன் டாக்டர்கள் அளந்து பார்த்திருக்காங்க, ஐ.சி.யு.வுல பத்தே நாள்ல தொடைச் சதை நூத்துக்கு 17 பங்குக்கு மேல கரைஞ்சு போகுது. நாம பஞ்ச காலத்துல கூட இவ்வளவு வேகமா இளைக்க மாட்டோம். நரம்பும் சேர்ந்து பலவீனமாகுது. அதனால எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னது உண்மை. அக்காவால குடம் தூக்க முடியலைங்கிறதும் உண்மை.

வசதி இருக்கிறவங்களுக்கும் இது சுலபம் இல்லை. ஜார்க்கண்ட் மாநிலத்துல ஜகர்நாத் மஹதோன்னு கல்வி அமைச்சர் இருந்தார். பத்தாவது மட்டும் படிச்சவர்னு கேலி பண்ணினாங்கன்னு அமைச்சரா இருந்துக்கிட்டே 2020-ல பதினோராம் வகுப்புல சேர்ந்தார். நம்ம அறிவொளி மாதிரி ஆளு. அந்த வருஷமே கொரோனாவுல நுரையீரல் போய், விமானத்துல சென்னைக்குக் கொண்டு வந்தாங்க. எக்மோ வச்சாங்க, நவம்பர்ல நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையும் நடந்துச்சு. ஊர் திரும்பினது 2021 ஜூன்ல, ஏறக்குறைய எட்டு மாசம் கழிச்சு. அதுக்கப்புறம்தான் மறுபடி துறையை ஏத்துக்கிட்டார். 2023 ஏப்ரல்ல, சென்னையிலேயே சிகிச்சையில இறந்து போனார். நடுவுல கிடைச்ச அந்த ரெண்டு வருஷத்துல அமைச்சர் வேலை பார்த்தார். அவர் வேலைக்கு வராத மாசங்கள்ல அவர் நாற்காலி போயிடலை, துறையை வேற ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நம்ம அக்காவுக்கு நாம கொடுத்தது மூணே மாசம்.

கை கட்டின கதைக்கு வர்றேன். அக்கா மக அப்ப காலேஜ்ல ரெண்டாம் வருஷம். ஆஸ்பத்திரி வெளித் திண்ணையில உட்கார்ந்து ஒரு நாப்பது பக்க நோட்டுல தினச் செலவு எழுதியிருக்கு. இட்லி இவ்வளவு, பஸ் இவ்வளவு, மருந்து இவ்வளவு. கீழ ஒண்ணு ரெண்டு வரி அன்னைக்கு நடந்தது. அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். ஆறாம் நாள்: "அம்மா ட்யூபைப் பிடுங்கப் பார்த்துச்சாம். கையைத் துணியால கட்டியிருக்காங்க. பிடுங்கினா உயிருக்கு ஆபத்துன்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க. அழுதேன்." பதினொண்ணாம் நாள்: "குழு அத்தைங்க நாலு பேர் வந்தாங்க. உள்ள விடலை. கண்ணாடி வழியா பார்த்துட்டு 1500 ரூபா கொடுத்துட்டுப் போனாங்க."

நாலு பேர் வந்தது நிஜம். கை கட்டினது நிஜம். வாயில அடைச்சது ட்யூப். மூணையும் மயக்கத்துல இருந்த மூளை தானா ஒட்டிக்கிச்சு. அக்காவே அதை எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. நான் படிச்சுக் காட்டறேன்னதுக்கு வேண்டாம்னுட்டாங்க. ஆறாம் நாள் பக்கத்தை மூணு தடவை படிச்சாங்க. படிச்சுட்டு மணிக்கட்டைத் தடவிக்கிட்டே, "நர்ஸ் புள்ளையா கட்டுச்சு"ன்னாங்க. அன்னைக்கே பயம் போயிடுச்சுன்னு நான் கதை விடமாட்டேன். ஆனா அடுத்த வாரம் அந்த நாலு பேர்ல ஒருத்தரை வீட்டுக்குள்ள விட்டாங்க.

அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இதையே ஒரு முறையா செய்யறாங்கன்னு. 1980-கள்லேயே டென்மார்க்ல நர்சுகள் ஆரம்பிச்சு, அப்புறம் நார்வே, ஸ்வீடன்னு பரவுச்சு. மயக்கத்துல இருக்கிறவங்களுக்காக நர்சும் வீட்டாளும் தினமும் ஒரு நோட்டுல எழுதி, எழுந்ததும் அவங்க கையில கொடுத்துடறாங்க. 2010-ல ஐரோப்பாவுல வந்த ஒரு ஆய்வுல, நோட்டு கிடைச்சவங்களுக்குப் பின்னால வர்ற கடுமையான பயநோய் குறைஞ்சிருந்துச்சு. 2019-ல பிரான்ஸ்ல செஞ்ச இன்னொரு ஆய்வுல பெரிய வித்தியாசம் தெரியலை. மருந்து மாதிரி நினைச்சுக்க வேண்டாம். ஆனா ஒரு நோட்டு பேனாவுக்கு என்ன செலவு? கூட்டத்துக்கு நோட்டு எழுதத் தெரிஞ்சவங்கதானே நாம எல்லாரும். நம்ம குழுவுல யாராவது ஐ.சி.யு.வுல இருந்தா வெளியில காத்திருக்கிறவங்க கையில ஒரு நோட்டைக் கொடுங்க. தேதி போட்டு, என்ன செஞ்சாங்க, யார் வந்தாங்க, வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க. கொடுக்கும்போது அவசரப்படுத்த வேண்டாம். அவங்க கேட்கிற அன்னைக்குக் கொடுங்க.

இனி வீட்டுக்கு வந்தவங்களை எப்படிப் பார்த்துக்கிறதுன்னு. சாப்பாடு உட்கார வச்சுத்தான் கொடுக்கணும், படுத்துக்கிட்டுக் கொடுக்கக் கூடாது. ட்யூப் இருந்த தொண்டைக்கு விழுங்கறது மறந்திருக்கும், கஞ்சி மூச்சுக் குழாய்க்குள்ள போயிட்டா மறுபடியும் நிமோனியா. தண்ணி குடிக்கும்போதெல்லாம் இருமினா டாக்டர்கிட்ட சொல்லணும். சதை வளரணும்னா முட்டை, பருப்பு, பயறு, மீன், பால் வேணும். பத்தியம்னு ரசஞ்சோறு மட்டும் போட்டுப் படுக்க வச்சா சதை எங்கிருந்து வரும்? முடி கொட்டறதுக்குப் பயப்பட வேண்டாம், பெரிய நோய்க்குப் பிறகு ரெண்டு மூணு மாசத்துல கொட்டி, திரும்ப முளைக்கும். மூணு பந்து இருக்கிற பிளாஸ்டிக் கருவி கொடுத்து அனுப்புவாங்க. அதை ஊதறது இல்லை, உறிஞ்சறது. அக்கா நாலு மாசமா ஊதிக்கிட்டு இருந்தாங்க. பந்து ஏறலைன்னு நுரையீரல் போச்சுன்னு நினைச்சு அழுதிருக்காங்க.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு. ட்யூப் எடுத்து சில வாரம், சில மாசம் கழிச்சுக் கூட சில பேருக்கு மூச்சுக் குழாய் அந்த இடத்துல தழும்பாகிச் சுருங்கும். மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வரும். ஆஸ்துமான்னு நினைச்சு மருந்து வாங்கி அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அது ஆஸ்துமா இல்லாம இருக்கலாம். "எனக்கு இத்தனை நாள் வென்டிலேட்டர் வச்சிருந்தாங்க"ன்னு டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிச் சொன்னாதான் டாக்டருக்கு அந்த யோசனை வரும். அந்தச் சீட்டை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வச்சுக்கணும். விசில் சத்தம், திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, திரும்பக் காய்ச்சல், எது வந்தாலும் மறுநாள்னு தள்ளக் கூடாது.

உடற்பயிற்சிக்கு 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கவும் ஏற்பாடு வச்சாங்க. பிரஷர் சுகர் மாத்திரைக்கு மட்டும்தான்னு நாம நினைச்சுக்கிட்டோம். அதுல தன்னார்வலரா போன பெண்கள் நம்ம குழுக்கள்ல இருந்து போனவங்கதான். ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. மனப் பயம், தூக்கமின்மைக்கு 14416-ங்கிற எண்ணுக்குத் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அக்காவை மாவட்ட மனநல டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனோம், கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டாங்க.

நடைக்கு அக்கா ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. வீட்டு வாசல்ல இருந்து கரண்ட் கம்பம். முதல் வாரம் ஒரு கம்பம் வரைக்கும். ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவுல திண்ணை இருக்கிற வீட்டுல உட்கார்ந்துக்குவாங்க. ஆடியில நாலு கம்பம். ஐப்பசியில கண்மாய்க் கரை வரைக்கும் ஒன்பது கம்பம். ஒரு நாள் ரெண்டு கம்பம் கூடப் போயிட்டு மூணு நாள் எழுந்திருக்க முடியலை. அதுக்கப்புறம் வாரத்துக்கு அரைக் கம்பத்துக்கு மேல ஏத்தலை.

இப்ப தவணைக்கு வர்றேன். இதைச் சொல்லாம விட்டா நீங்க என்னை விடமாட்டீங்க. குழுவுல சண்டை வந்துச்சு, நல்ல சண்டை. அக்காவோட தவணையை ஆறு மாசத்துக்குக் குழுவோட பொது நிதியில இருந்து வங்கிக்குக் கட்டறது, உள்கடனுக்கு அந்த ஆறு மாசம் வட்டி போடறதில்லைன்னு ஊக்குநர் சொன்னாங்க. இன்னொரு அக்கா எழுந்து, "எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனப்ப ஒரு மாசம் கூட விடலையே, நான் கம்மலை அடகு வச்சுல்ல கட்டினேன்"ன்னாங்க. யாரும் பதில் சொல்ல முடியலை. அது நியாயமான கேள்வி. கடைசியில அந்த அக்கா கட்டின அந்த மாச வட்டியைத் திருப்பிக் கொடுக்கறதுன்னும், இனிமே ஐ.சி.யு.வுல இருந்து வர்ற யாருக்கும் ஆறு மாசம் கூட்ட வருகையைக் கணக்குல எடுக்கறதில்லைன்னும் தீர்மானம் எழுதினாங்க. பதினஞ்சு பேர்ல பதிமூணு பேர் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேர் போடலை, இன்னும் போடலை. பொது நிதியில எடுத்த பணத்துல நாலாயிரம் இன்னும் அக்கா தர வேண்டியிருக்கு. வங்கி மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை போய் நின்னேன். அந்த விவரம் மதியம் சொல்றேன். நலிவு நிலை குறைப்பு நிதி இருக்கிற ஊராட்சிக் கூட்டமைப்புல இந்த மாதிரி உறுப்பினருக்கு அதுல இடம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

இன்னொரு ஆளை மறந்துட்டோம், அந்த மகளை. பரீட்சை ஒரு பருவம் எழுதலை. அம்மாவைக் குளிப்பாட்டறது, சமையல், கன்னுக்குட்டி எல்லாம் அதுதான். கூட இருந்து பார்க்கிறவங்களுக்கும் மனசு உடையுதுன்னு அந்த ஆய்வுகள்லயே எழுதியிருக்கு. குழுவுல இருந்து முறை போட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் ஒருத்தர் போய் இருந்தாங்க. அந்தப் புள்ள காலேஜுக்குப் போச்சு. அதை நான் ஏற்பாடு பண்ணலை, நீங்களே பண்ணினீங்க.

அக்கா இப்ப சைக்கிள் ஓட்டறாங்க. முன்ன மாதிரி ரெண்டு குடம் கட்டி ஓட்ட முடியாது. ஏத்தம் வந்தா இறங்கித் தள்றாங்க. குரல் முழுசா வரலை, அதனால கூட்டத்துல உறுதிமொழி வாசிக்கிறதை வேற ஒருத்தர்கிட்ட விட்டுட்டாங்க. பேர் ஞாபகம் சில நேரம் தவறுது. இந்தக் கூட்டத்துல பேசட்டுமான்னு கேட்டப்ப, நீங்க பேசுங்க, நான் வந்து உட்கார்ந்திருக்கேன்னு சொன்னாங்க. எந்த வரிசைன்னு காட்ட வேண்டாம்னும் சொன்னாங்க.

அந்த நோட்டை நகல் எடுத்து எல்லாக் குழுவுக்கும் காட்டலாம்னு கேட்டுப் பார்த்தேன். தர மாட்டேன்னுட்டாங்க. பின்னால பத்துப் பக்கம் காலியா இருக்காம். அன்னைக்கு விக்காம வச்ச அந்தக் கன்னுக்குட்டி 2025 ஆனியில ஈன்றுச்சு, பால் கணக்கு அதுலதான் எழுதறாங்க.